ஃபுஜி பக்கம் போய் வந்து மகனுக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அக்கா, மாப்பிள்ளை, பாப்பா எல்லாரும் நலம். உன் நலமும் மருமகள், குட்டிப்பயல் நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. போன்ல நீ "ம்", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடுறேன்", இதுக்கு மேல பேசுறதில்ல. கடுதாசின்னா நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வைக்க முடியாது. அக்கா படம் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்னா. வேண்டாம், தபால்லயே போகட்டும்னுட்டேன். அவ படிச்சாத் தப்புன்னு இல்ல. சும்மாதான்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறியா? பெங்களூர்க் குளிருன்னு சாக்குச் சொல்லாத. உடம்புச் சூடு தலைக்கு ஏறுனா தூக்கமும் வராது, பேச்சும் வராது, கோவம்தான் வரும். உங்கப்பாவுக்கு அப்படித்தான்.

போன வாரம் அக்கா லீவு போட்டுட்டு என்னை ஃபுஜி மலைப் பக்கம் கூட்டிட்டுப் போனா. ஷின்ஜுகுல பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம்கூட ஆகல, கவாகுச்சி ஏரி வந்துருச்சு. மலை தெரிஞ்சுச்சான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. தெரிஞ்சுச்சு, கொஞ்ச நேரம், அப்புறம் மேகம் மூடிருச்சு. நான் சொல்ல வந்தது மலையை இல்ல. ஏரிக்கு வடகரையில ஒரு மியூசியம் இருக்கு. இச்சிகு குபோட்டான்னு ஒரு சாயக்காரரோட மியூசியம்.

அக்கா சொன்னப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சாயக்காரருக்கு மியூசியமா? நம்ம ஆச்சி வீட்டுத் தெருவுல முழங்கை வரைக்கும் நீலமாத் திரிஞ்ச ஆளுங்க எத்தனை பேரு. செத்தப்பக்கூட நகத்துல சாயம் போகாம எடுத்துட்டுப் போனாங்களே, அவங்களுக்கெல்லாம் யாரு கட்டுனா? சரி, வந்ததுக்குப் பாப்போம்னு போனேன்.

வாசல்லயே நின்னுட்டேன் தம்பி. கேட்டு இருக்கே, அது இந்தியாவுல இருந்து கொண்டுவந்த பழைய மரக்கதவுகளைச் சேர்த்துப் பண்ணுனதாம். இழைச்சு இழைச்சுச் செதுக்குன கதவு. ஜப்பான்காரங்க எல்லாரும் படம் புடிக்கிறாங்க, நான் மட்டும் கையை வச்சுத் தடவிட்டு நிக்கிறேன். அக்கா "அம்மா, தொடாத"ங்கிறா. எங்க ஊருக் கதவைத் தொடுறதுக்கு எனக்கு என்ன?

உள்ள, பெரிய கட்டடம். ஆயிரம் வருஷத்துக்கு மேல வளந்த ஹிபா மரமாம், அதுல பதினாறு பெரிய மரத்தை நிறுத்தி, கூம்பு மாதிரி மேல கொண்டுபோய்ச் சேர்த்திருக்காங்க. அண்ணாந்து பாத்தாக் கழுத்து வலிக்குது. அதுக்குக் கீழதான் கிமோனோ எல்லாம். மடிச்சு வைக்கல. கையை விரிச்சு முழுசா மாட்டி நிறுத்தியிருக்காங்க. ஆள் உடுத்துற அளவைவிடப் பெருசு. உள்ள போட்டோ எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதனாலதான் உனக்கு ஒண்ணும் அனுப்பல, மறந்துட்டேன்னு நினைக்காத.

தூரத்துல இருந்து பாத்தா ஓவியம்தான். மலை, பனி, இலையெல்லாம் செவந்து கிடக்குற காடு. கிட்டப் போனப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தனையும் கட்டு. நான் சின்னப் பிள்ளையில ஆச்சி திண்ணையில உக்காந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட கை இது, எனக்குத் தெரியாதா? துணி மேல சாயம் ஏறுன இடத்துல சுருக்கம் இன்னும் நிக்குது. கட்டிப் பிரிச்ச துணிக்கு மட்டும்தான் அந்தச் சுருக்கம் வரும். கூட வந்தவங்கள்லாம் நிறத்தைப் பாத்தாங்க. நான் சுருக்கத்தைத்தான் பாத்துக்கிட்டே போனேன்.

ஆனா நம்ம முடிச்சு மாதிரி இல்ல அது. நம்மளுது துணியைக் கிள்ளி, நூலைச் சுத்தி, இறுக்கி விட்டாப் பொட்டு விழும், அவ்வளவுதான். இது வரைஞ்ச கோட்டு மேலயே பொடித் தையலா ஊசி ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்கி, சாயம் படக்கூடாத இடத்தை பிளாஸ்டிக் சுத்திக் கட்டி, மத்த இடத்துல பிரஷ்ஷால சாயம் பூசுறது. அப்புறம் ஆவியில வைக்கிறது, அலசுறது, பிரிக்கிறது. பிரிச்சதும் முடிஞ்சுதுன்னு இல்ல, மறுபடி வேற இடத்துல தையல், கட்டு, வேற சாயம். ஒரே துணியில இப்படித் திரும்பத் திரும்ப. கடைசியா மையால பூவுக்கு நரம்பு வரையிறது. பட்டு இத்தனை தடவை நனைஞ்சு வெந்து கிழியாம நிக்குதேன்னுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு ஆளால ஆகுற வேலை இல்ல இது. கட்டுறதுக்கு எத்தனை பொம்பளைங்க உக்காந்தாங்களோ.

இதை வாசிக்கிறப்ப நீ எழுந்து போயிருக்க மாட்டியே? உனக்குச் சேலை விஷயம் பேசுனாலே அலுப்பு. உன் முதல் சம்பளத்துல எனக்குச் சுங்குடிச் சேலை எடுத்துட்டு வந்த, ஞாபகம் இருக்கா, அரக்குக் கலர். அது அச்சுப் போட்டது தம்பி. கையில வாங்குனதுமே தெரிஞ்சுச்சு, தடவிப் பாத்தா வழவழன்னு இருந்துச்சு. அன்னைக்கு நான் வாயே திறக்கல. ஆனா பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல இருந்து உன் மாமனார் வீட்டுக் காதுகுத்து வரைக்கும் அதைத்தான் உடுத்துனேன், "என் மகன் எடுத்தது"ன்னு சொல்லிச் சொல்லி. உங்க சின்னத்தை ஒருத்திதான் முந்தானையைத் தடவிப் பாத்துட்டு என்னைப் பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். அதோட சரி.

அந்த மனுஷன் கதையைச் சொல்றேன். அக்காதான் அங்க எழுதியிருந்ததை வாசிச்சு வாசிச்சுச் சொன்னா.

1917-ல டோக்கியோவுல பொறந்தவர். பதினாலு வயசுல ஒரு யூஸென் சாயக்காரர்கிட்ட வேலை கத்துக்கச் சேந்துட்டார். யூஸென்னா கிமோனோவுல கோந்து வச்சு வரைஞ்சு சாயம் ஏத்துறது, அவங்க ஊருல அதுதான் பெரிய வேலை. இருபது வயசுல ஒரு நாள் மியூசியத்துக்குப் போனவர், ஒரு துண்டுத் துணியைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாராம். ஐநூறு வருஷம் முன்னாடி இருந்த சாயவேலை, சுஜிகஹானான்னு பேரு. ராசாமாரும் படைத்தலைவருமெல்லாம் உடுத்துனது. அப்புறம் யூஸென் வந்ததும் மெல்ல மெல்ல இல்லாமயே போயிருச்சு. எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, மிச்சம் இருந்தது இப்படித் துண்டும் துக்கடாவும்தான். இதை நான் திரும்பச் செய்யணும்னு அவர் மனசுல போட்டுக்கிட்டார். இருபது வயசுல.

உடனே செஞ்சாருன்னு நினைக்கிறியா? சண்டை வந்துருச்சு. பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. தோத்ததும் ரஷ்யாக்காரங்க சைபீரியாவுல கொண்டுபோய் அடைச்சுட்டாங்க. 1948-லதான் வீடு திரும்புனது. அந்தக் குளிர்ல சூரியன் அடையறதைப் பாத்துக்கிட்டு நின்ன நிறமெல்லாம் பின்னால அவர் துணியில வந்துச்சுன்னு சொல்றாங்க. வரட்டும். நான் கேட்டது அது இல்ல. திரும்பி வந்து என்ன பண்ணுனார்னு கேட்டேன். பழையபடி யூஸென் வேலையைத்தான் பாத்திருக்கார். தெரிஞ்ச வேலை, காசு வர்ற வேலை. நாப்பது வயசுக்கு அப்புறம்தான் இதுல முழு மூச்சா இறங்கியிருக்கார்.

இதை எல்லாரும் ஒரு வரியில சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுறாங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் பெருசாத் தெரிஞ்சுது. மனசுக்குள்ள ஒண்ணு கிடந்து எரியுது, அதை அடக்கிக்கிட்டு அத்தனை வருஷம் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டிருக்கார்ல? அதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் வைக்கலயே. ஆம்பளைன்னா முதல்ல அது.

ஆனா நாப்பதுல அந்தக் காசு வர்ற வேலையை விட்டுட்டாருதான. அதுக்கப்புறம் அறுபது வயசுல, 1977-லதான் முதல் கண்காட்சி. நடுவுல இருபது வருஷம். அந்தப் பழைய துணியில இருந்த மாதிரிப் பட்டு இப்ப கிடைக்கல, அதனால வேற பட்டை வச்சு, பழைய சாயம் இல்லாம இந்தக் காலத்துச் சாயத்தை வச்சு, தானா ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கார். "இது பழசு இல்ல, என்னோடது"ன்னு தன் பேரையே முன்னால போட்டு இச்சிகு சுஜிகஹானான்னு வச்சுக்கிட்டார். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நம்ம ஊருலயா இருந்தா அச்சுப் போட்டுட்டு அசல்னு விப்பாங்க.

அந்த இருபது வருஷம் எத்தனை துணி பாழாப் போச்சோ. பட்டு என்ன விலை விக்கும்? அவர் பொஞ்சாதி என்ன சொல்லியிருப்பா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பீஸு? அக்காகிட்ட நாலு தடவை கேட்டேன், அதையெல்லாம் இங்க எழுத மாட்டாங்கம்மான்னா. பிரான்சுக்காரங்க 1990-ல பட்டம் குடுத்தாங்க, அமெரிக்காவுல வாஷிங்டன் மியூசியத்துல வச்சாங்க, அதெல்லாம் எழுதியிருக்கு. உலை வச்சது யாருன்னு எழுதல. அந்த அம்மா தெரிஞ்சேதான் இருந்திருப்பா. எங்களுக்குத் தெரியாம வீட்டுல எதுவும் நடக்காது. அதை நீங்க என்னைக்கும் நம்ப மாட்டீங்க.

உனக்கு வர்ற ஆவணியில நாப்பது. அதுக்காகச் சொல்லல.

மருமகளுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு? ரெண்டு நாளா அவளும் போனை எடுக்கல. வேலைக்குப் போயிட்டு வந்து அலுப்பா இருக்கும். நீ அவளுக்குக் கொஞ்சம் கூடமாட செய்யி. செய்யிறன்னு எனக்குத் தெரியும். போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை நேரம் தெரியாமக் கூப்பிட்டேன்ல, உங்களுக்குக் காலையில பதினோரு மணி. "ஆபீஸ்ல இருக்கேன்மா, மீட்டிங்"னு சொன்ன. பின்னால குக்கர் விசில் கேட்டுச்சு. மூணாவது விசிலுக்கு நீ எந்திரிச்சுப் போய் அடுப்பை அணைச்ச சத்தமும் கேட்டுச்சு. பருப்புக்கு மூணு சரி. சாதத்துக்குன்னா இன்னொண்ணு விடணும்.

இப்பல்லாம் வீட்டுல இருந்தே வேலை பாக்குறாங்கன்னு மாப்பிள்ளை சொன்னார். அப்படித்தான் இருக்கும்.

உங்கப்பா மில்லு மூடுன வருஷம் டிபன் கேரியரைத் தூக்கிட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்ப எட்டாவது. நான் ஒரு நாளும் கேட்டதில்ல. தினம் நாலு இட்லி கூடுதலா வச்சேன், திருப்பரங்குன்றம் வரைக்கும் நடந்துட்டு வர்ற மனுஷனுக்குப் பசிக்குமேன்னு. உங்கப்பா போற வரைக்கும் அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல. அது அந்தக் காலம். உனக்கு என்ன தம்பி, நீ படிச்சவன். எங்க ரெண்டு குடும்பத்துலயும் முதல்ல இஞ்சினியர் ஆனது நீதான். தெக்குவாசல்ல இன்னைக்கும் என்னைப் பாத்தா உன்னைத்தான் முதல்ல விசாரிக்கிறாங்க, அக்காவை அப்புறம்தான். அவ ஜப்பான்ல இருந்தும்.

அப்படி விசாரிக்கிறாங்கன்னு நீ பயப்படாத. விசாரிக்கிறவன் எவனும் உலை வைக்க வரப் போறதில்ல.

ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்காத. வாட்ஸ்அப்ல ரெண்டு மணிக்கு மூணு மணிக்கு வந்துட்டுப் போனது காட்டுது. சனிக்கிழமை எண்ணெய் வச்சாத் தூக்கம் வரும்னு அதுக்குத்தான் சொல்றேன்.

மியூசியத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு, சொல்லிடுறேன். அவர் கடைசி வரைக்கும் செஞ்சது "ஒளியின் சிம்ஃபொனி"ன்னு ஒரு வரிசை. எண்பது கிமோனோ செய்யணும்னு கணக்கு. ஒண்ணோட ஓரத்துல இருக்குற மலை அடுத்ததுல தொடருது, அதுல இருக்குற ஆகாசம் அதுக்கு அடுத்ததுல. இலை செவக்குறதுல தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து, கடைசியில பனி. அந்தப் பனியை நான் ரொம்ப நேரம் பாத்தேன். வெள்ளைன்னு சொல்லிட்டுப் போயிடுவோம், அதுக்குள்ள ஊதா, சாம்பல், லேசா ரோஸு எல்லாம் இருக்கு. எண்பதும் முடியறதுக்குள்ள 2003-ல போய்ச் சேந்துட்டார், எண்பத்தஞ்சு வயசு. பெரிய மகன் அந்த வேலையை எடுத்து நடத்துனாராம். கிமோனோ எல்லாம் இப்ப வீட்டுக்காரங்க கையில இல்ல, சோடியேவ்னு ஒரு வெளிநாட்டு ஃபவுண்டேஷன்கிட்ட இருக்கு. மியூசியத்தை அவர் உயிரோட இருக்கையிலயே, 1994-ல திறந்திருக்கார். அறுபது வயசுல முதல் தடவையா வெளிய காட்டுன ஆளு, அதுக்குள்ள இவ்வளவு பண்ணியிருக்கார். மலைப்பாத்தான் இருந்துச்சு.

பின்னால இன்னொரு கட்டடம், ஒக்கினாவாவுல இருந்து கொண்டுவந்த பவளக்கல்லுல கட்டுனது, ஓட்டை ஓட்டையா இருக்கு. அவர் சேத்து வச்ச கண்ணாடி மணியெல்லாம் அங்க இருக்கு. எனக்குக் கால் வலி, சரியாப் பாக்கல. ஒரு அருவி விட்டிருக்காங்க, அது எதுக்க உக்காந்து டீ குடிச்சோம். பாப்பா கேக்கை முகமெல்லாம் அப்பிக்கிட்டா. டீயை விலை கேட்டுட்டு அக்காவைத் திட்டுனேன்.

அங்க வச்சுத்தான் மாப்பிள்ளை போன்ல வந்தார். சும்மா பேச்சுக்கு, "தம்பி இன்னும் அதே கம்பெனிதான அத்தை, எங்க ஆபீஸ்ல பெங்களூர் ஆளு கேக்குறாங்க, சொல்லவா?"ன்னார். "அதே கம்பெனிதான், நல்லாப் போகுது"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் அந்த டீ இறங்கல. இப்ப வேற மாதிரிச் சொல்லணும்னா சொல்லலாம், மாப்பிள்ளை தப்பா எடுத்துக்குற ஆளு இல்ல. நீ என்ன சொல்லச் சொல்றியோ அதைச் சொல்றேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம்னாலும் சரிதான்.

குட்டிப்பயலுக்கு அடுத்த டேர்ம் பீஸு எப்ப கட்டணும்? சும்மா கேக்குறேன். இன்னொண்ணு. லாக்கர்ல என் கல்லு வளையல் ரெண்டு கிடக்குல்ல, அது எனக்கு இப்ப கையில ஏற மாட்டேங்குது. பழைய மோஸ்தர், வச்சுக்கிட்டு என்ன பண்ண. அக்காவுக்கு அவ பங்கு கல்யாணத்துலயே குடுத்தாச்சு, அவளுக்கும் அது தெரியும். நான் வந்ததும் நீ ஒரு நாள் மதுரைக்கு வா, ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு, வேண்டியதைப் பண்ணிட்டு வந்துரலாம். லீவு கிடைக்காதுன்னு சொல்லாத. மருமகள்கிட்ட நானே சொல்லிக்கிறேன், என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்.

நீ முடிச்சுப் போட்டது ஞாபகம் இருக்கா? அஞ்சு வயசுல ஆச்சி பக்கத்துல உக்காந்து என் வெள்ளைப் பாவாடை முழுக்கக் கட்டி வச்ச. ஆச்சி அதையும் சாயத்தொட்டியில போட்டுட்டா. ஒழுங்கா ஒரு பொட்டும் விழல, அங்கங்க திட்டுத் திட்டா. ஆனா ஒண்ணுகூட அவிழல, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்த. பிரிக்கிறதுக்குள்ள எனக்கு நகம் போச்சு. ஆச்சி சொன்னா, இவன் கை நல்ல கைடின்னு. இஞ்சினியருக்குப் படிக்க வச்சது நாங்கதான், நீ கேக்கல. நீ என்ன கேட்டன்னு எனக்கு இப்பவும் தெரியல.

அடுத்த மாசம் முதல் வாரத்துல வர்றேன். மதுரைக்கு நேரா வராம பெங்களூர்ல இறங்குற மாதிரி டிக்கெட் மாத்தச் சொல்லி அக்காகிட்டச் சொல்லியிருக்கேன். ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், வேலை இருக்கும். வந்தாலும் வரலாம். ரெண்டு வாரம் உன்கூட இருந்துட்டுத்தான் ஊருக்குப் போவேன், சமையலை நான் பாத்துக்குவேன், நீ உன் வேலையைப் பாரு. எந்த வேலையா இருந்தாலும்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: குட்டிப்பயலோட ஷூ அளவு அக்கா கேக்குறா. பதில் கடுதாசி போட்டுக்கிட்டு இருக்காத, போன் பண்ணு. ராத்திரி வரைக்கும் வச்சிருக்க வேண்டாம், காலையில பதினோரு மணிக்கே பண்ணு. இங்க அப்ப ரெண்டரை, பாப்பா தூங்குற நேரம், அக்காவும் ஆபீஸ்ல இருப்பா.